கடைசிப் பாட்டின் இரைச்சல்

பல்லாவரத்தில் பத்தே காலுக்கு வந்த பீச் வண்டியில் ஏறி, கிடைத்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பழைய பேப்பரில் சுற்றிய நாலு கிலோ டிரான்ஸ்ஃபார்மரை மடியில் வைத்துக்கொண்ட சவரிமுத்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டான். பதினோரு நாளாக இதே வேலைதான். பிலோமியின் பாட்டுத் தொகுப்பு வெளியாகிப் பதினோரு நாள் ஆகிறது. யார் என்ன எழுதியிருக்கிறார்கள், யார் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், நேற்றுக்கு அப்புறம் புதிதாக எவனாவது எதையாவது கிளப்பிவிட்டிருக்கிறானா என்று பார்த்துப் பார்த்துக் கட்டைவிரல் ரேகை தேய்ந்ததுதான் மிச்சம். பிலோமி வேறு யாரும் இல்லை, ஒன்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிவிட்டு இவனாக விட்டுவிட்டு வந்த பெண்டாட்டி. ஒன்பது பாட்டு போட்டிருக்கிறாள். வருஷத்துக்கு ஒன்றா என்று முதல் நாள் நினைத்தான், அப்புறம் அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவைத்தான், அது தள்ளின இடத்தில் நிற்காமல் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. புளூஸ் மெட்டு, ராக் அடி, மனசு ஒடிந்தவளின் குரல் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒடித்தது யார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்கே தெரிந்துவிடுமோ என்றுதான் இவன் தினமும் தேடுகிறான். எல்லா விமர்சனத்தையும் படித்தவன் ஒரு பாட்டைக்கூட இன்னும் கேட்கவில்லை. பந்தி நடக்கிற மண்டபத்துக்கு வெளியே நின்று, சாப்பிட்டு வருகிறவர்கள் கை கழுவும்போது பேசுவதை வைத்தே சமையல் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிற ஆள் மாதிரி இருந்தான்.

தொகுப்புக்கு அவள் வைத்த பேர் 'சிலேட்டு'. அந்தப் பேரைப் பார்த்த அன்றைக்கே எந்தச் சிலேட்டு என்று இவனுக்குத் தெரிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை இணைப்பில் ஒரு பெரியவர் முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தார். சிலேட்டு என்பது அழித்து அழித்து எழுதப்படும் பெண் வாழ்க்கையின் குறியீடாம். குறியீடாவது ஒன்றாவது. அது பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் இவனே வாங்கிக்கொடுத்த பிளாஸ்டிக் சட்டம் போட்ட சிலேட்டு, ஒரு மூலையில் வாத்துப் படம் ஒட்டியிருக்கும். போன வருஷம் சித்திரையில் பிலோமிக்குத் தொண்டையில் முடிச்சு விழுந்து ஆபரேஷன் ஆனது. டாக்டரம்மா, "ஒரு மாசம் மூச்சு விடலாம், பேச்சு விடக் கூடாது, கிசுகிசுன்னும் கூடாது, மீறினா பாட்டை மறந்துடுங்க" என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள். அதற்குத்தான் சிலேட்டு. விசில் மூணு, பால்காரன் வந்தாச்சா, இப்படி எழுதிக் காட்டுவாள், பாவாடை ஓரத்தால் துடைப்பாள். பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் இவன், நான் போறேன், எனக்கு முடியல பிலோமி என்றான். ஏன் அந்த மாசத்தில் சொன்னான்? இதோ திரிசூலம் வந்துவிட்டது, ஏறுகிற கூட்டம் ஏறட்டும், அதையே ஏன் நோண்ட வேண்டும். அதற்கு முன்னால் மூன்று தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறான். மூன்று தடவையும் அவள் பேசியே இவனை உட்காரவைத்துவிட்டாள். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. கேள்வி கேட்பாள், என்னடா உனக்குக் குறை என்பாள், நான் பாடுறது குறையா, பேப்பர்ல என் போட்டோ வர்றது குறையா, என் கச்சேரிக்கு நீ பெட்டி தூக்கிட்டு வர்றதைப் பாத்து எவனாவது சிரிச்சானா, பேர் சொல்லு என்பாள். எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கும், இவனுக்கு நாக்கு மடங்கிப்போகும். அதனால் பதில் சொல்ல அவளுக்கு வாயில்லாத மாசமாகப் பார்த்துச் சொன்னான். வேண்டுமென்றா? வேண்டுமென்று இல்லை. வேண்டுமென்றுதான். மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் போனது, பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அந்த முக்கால் பக்கத்தில் ஒரு வரியைத்தான் இவன் ஐம்பது தடவையாவது படித்திருப்பான். 'ஒன்பது பாடல்களில் ஓரிடத்திலும் அந்த மனிதன் செய்த தவறு சொல்லப்படவே இல்லை.' முதலில் படித்தபோது அப்பாடா என்றிருந்தது. சேசுவே என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். மறுநாள் அதே வரி வேறு மாதிரித் தெரிந்தது. ஓரிடத்திலும் இல்லையா? ஒன்பது பாட்டில் ஒரு ஓரத்தில்கூட நான் இல்லையா? கேட்டவர்களுக்கு விளங்கவில்லையோ, பூடகமாக வைத்திருக்கிறாளோ, அடுத்தவனுக்கு விளங்கிவிடுமோ என்று மறுபடி பயம், பயத்துக்கு உள்ளே ஒரு ஏக்கம், ஏக்கத்தைக் கண்டு ஒரு வெட்கம். ஒரு இணையதளக்காரன் மூன்றே நட்சத்திரம் போட்டான். முதல் பாட்டு வாசலே இல்லாத வீடு மாதிரி நட்டநடுவில் திடுக்கென்று ஆரம்பிக்கிறதாம், கடைசிப் பாட்டில் வார்த்தைகள் கோர்வையாக இல்லையாம், அது முடிந்த பிறகு நாற்பது விநாடி வெறும் இரைச்சலை வெட்டாமல் விட்டிருப்பது கவனக்குறைவாம், கருவி தரமில்லாததாம். தரமில்லாததா! சவரிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அது இவன் கையால் கட்டின ஆம்ப்ளிஃபயர் பெட்டி, கல்யாணத்துக்கு அவளுக்கு இவன் போட்ட நகை அதுதான். ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெட்டியில் ஊங்ங் என்று ஹம் அடித்தால் சவரியிடம் கொடு, சுத்தமாக எடுத்துவிடுவான் என்று. கோயில் பெட்டி, கச்சேரிப் பெட்டி, கட்சி ஆபீஸ் பெட்டி எல்லாம் இவன் கைபட்டு ஊமையானவை. பெண்டாட்டி பெட்டியில் மட்டும் அந்த ஹம் இரண்டு வருஷமாக இருந்தது. அவள் கிட்டார் கம்பியில் கை வைத்திருக்கிற வரைக்கும் அடங்கிக் கிடக்கும், கையை எடுத்தால் ஊங்ங் என்று ஆரம்பிக்கும். உள்ளே ஒரு ஒயரை மாற்றி இழுத்து ஈயத்தால் ஒரு பற்று வைத்தால் தீர்ந்தது, அரை மணி வேலை. நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, ஈஸ்டர் போகட்டும் என்றே ஓட்டினான். மனுஷி சிலேட்டிலும் அதைத்தான் எழுதினாள். அன்றைக்குக் காலையில் எழுதி டைனிங் டேபிளில் சாய்த்து வைத்திருந்தது, 'ஹம். இன்னிக்காவது?' சாயங்காலம் இவன் போறேன் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சொன்னான். வாத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

பழவந்தாங்கல் வந்தபோது எப்போதும் போல டிரான்ஸ்ஃபார்மர் பொட்டலத்தின் சணலை அவிழ்த்துக் கட்டினான். அந்த மாடி வீடு வலது பக்கம் தெரியும், தெரிந்துவிடக் கூடாது. அவள் அங்கே இல்லை, வேறு வீடு மாறிவிட்டாள், ஆனால் படிக்கட்டு அங்கேதானே இருக்கும், வெளிப்பக்கப் படிக்கட்டு, இருபத்திரண்டு படி. அன்றைக்கு அவள் கட்டில் ஓரத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தாள். பாடத்தான் கூடாது, வாசிக்கலாமே. இவன் சொல்லி முடித்ததும் சிலேட்டை எடுப்பாள், கிறுக்குக் கிறுக்கென்று எழுதுவாள், அதற்கும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். அவள் சிலேட்டைத் தொடவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தாள், அவ்வளவுதான் செய்தாள். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. பெட்டி ஊங்ங் என்று ஆரம்பித்தது. அந்தச் சத்தம்தான் பதில். பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினான், படிக்குப் படி கூடவே வந்தது, கேட்டு வரைக்கும் கேட்டது, அப்புறம் பைக்கை உதைத்த சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ. இவன் மனசுக்குள் அவள் பொழுது சாயும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெரு விளக்கு போடும் வரைக்கும், பக்கத்து வீட்டில் வந்து கதவைத் தட்டும் வரைக்கும், கை அந்தரத்தில், பெட்டி ஊங்ங் என்று. ஒன்றரை வருஷமாக அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். மடியில் இருக்கிற இரும்பைவிட அது கனம். கனம்தான், ஆனால் இறக்கிவைக்கவும் மனசில்லை. ஒரு பொம்பளை நம்மை நினைத்து அப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதில் பாவமும் இருந்தது, பாவத்துக்கு அடியில் கரையாமல் தங்கின வெல்லம் மாதிரி கொஞ்சம் தித்திப்பும் இருந்தது. அதை மட்டும் கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியாரிடம்கூட இவன் சொன்னதில்லை.

"டேய் சவரி! உன்னை எங்கல்லாம் தேடுறது!" என்று பரங்கிமலையில் ஏறின ஆள் தோளில் ஓங்கி அறைந்தான். எபனேசர், டிரம்ஸ் வாசிக்கிறவன், முதுகுப் பையில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சிலேட்டில் எட்டுப் பாட்டுக்கு அடித்தவன் அவன்தான், பேர் எல்லா விமர்சனத்திலும் வருகிறது. சவரிக்குப் போனை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கூடைக்கார அம்மாளை, "ஆயா, கொஞ்சம் நகரு, என் உடம்பு கொஞ்சூண்டுதான்" என்று சிரிக்கவைத்து, எபி தன் பெரிய உடம்பைச் செருகிக்கொண்டான். "கேட்டியா?" என்றான் எடுத்த எடுப்பில். "கேட்டேன்." "எது புடிச்சுது?" "மூணாவது. அந்த கிட்டார், தேம்பித் தேம்பி மூச்சை இழுக்கிற குழந்தை மாதிரி..." எபி இவனை ஒரு மாதிரிப் பார்த்தான். "டேய், இது பேப்பர்ல போட்டது. நானும் வெட்டி ஒட்டி வச்சிருக்கேன். கேக்கலதானே நீ?" சவரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கிண்டி எப்போது வந்தது, எப்போது போனது? "கேக்காம இருக்கிறதும் நல்லதுதான் மச்சி," என்று எபி குரலை இறக்கினான், "ஒப்பாரிக்கு டிரம்ஸ் கட்டுன மாதிரி இருக்கும். நானே ரெண்டு எடத்துல அடியை விட்டுட்டேன். ஆனா உன்னை ஒரு வார்த்தை திட்டல, அதுக்கு நான் கியாரண்டி. பாட்டுக்குக் கீழ எழுதுறானுங்க பாத்தியா, யாருப்பா அந்த ஆளு, அவன் நல்லா இருக்கட்டும், அவன் ஓடலன்னா நமக்கு இந்தப் பாட்டு ஏதுன்னு. ஒருத்தன் உனக்குச் செலவு பண்ணி சிலை வைக்கணும்ன்றான்." கூடைக்கார அம்மாள், "யாருப்பா ஓடுனது?" என்றாள். "ஒரு அறிவுகெட்டவன் ஆயா," என்றான் எபி.

சிரித்துக்கொண்டே வந்தவன் சைதாப்பேட்டை தாண்டினதும் சட்டென்று கேட்டான். "அது நீ கட்டுன பொட்டிதானே? ஊருக்கெல்லாம் ஹம் எடுக்குற, அதுல ஏண்டா விட்ட?" சவரி, "டைம் இல்ல," என்றான். எபி தலையை ஆட்டினான். "அந்தக் கடைசிப் பாட்டு இருக்கு பாரு, அதுக்கு எங்க எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டா. ஒத்தையா உக்காந்து வாசிச்சா. ரெக்கார்டிங் பையன், அக்கா கடைசியில ஹம் வருது, வெட்டிடறேன்னான். ஒரு செகண்டு வெட்டுனா ஆல்பமே வெளிய வராதுன்னுட்டா. நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறோம், செவுத்து கடிகாரத்தையே பாத்துக்கினு கையைத் தூக்கி வச்சிருக்கா. கரெக்டா நாப்பது செகண்டு. ஏன் பிலோமி நாப்பது, அரை நிமிஷம் போதாதான்னு கேட்டேன். அன்னிக்கு அவ்ளோதான் ஆச்சுன்னா. என்னிக்குன்னு கேட்டேன். சிரிச்சா." மாம்பலம் நெருங்கியது. எபி எழுந்து, கழுத்தில் தொங்கின இயர்போனைக் கழற்றி இவன் மடியில், டிரான்ஸ்ஃபார்மர் மேலே போட்டான். "பேப்பர் படிச்சது போதும். கேளு. நாளைக்குத் திருப்பிக் குடு, என் பொண்ணுது அது, தொலைச்சன்னா வீட்ல சோறு கெடைக்காது," என்று கூட்டத்தோடு இறங்கிப்போனான்.

அன்னிக்கு அவ்ளோதான் ஆச்சு. கோடம்பாக்கம் வரைக்கும் சவரி அந்த ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். அவ்வளவுதான் என்றால் எது அவ்வளவுதான்? அவள் பொழுதுசாயும் வரை உட்கார்ந்திருந்தவள் ஆயிற்றே. நாற்பது என்பது சும்மா ஒரு கணக்குக்கு வைத்திருப்பாள், பாட்டில் முழுசாக ஒரு சாயங்காலத்தை வைக்க முடியுமா? யூடியூபில் மூக்குத்தி போட்ட ஒரு பெண் கண்ணீரோடு சொன்னாளே, அந்த எண்ட்ல ஒரு சவுண்ட் வரும் பாருங்க, அது மெஷின் இல்ல, அவங்க உள்ளுக்குள்ள அழுற அழுகை என்று. அந்தப் பெண் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும். கேட்காமலே இருந்தால் அப்படியே இருக்கும். நுங்கம்பாக்கத்தில் தொடை மரத்துப்போய்ப் பொட்டலத்தை அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கு மாற்றினான், மாற்றின கையோடு இயர்போனைக் காதில் செருகினான், யாரோ செருகின மாதிரி இருந்தது. கடைசிப் பாட்டை அழுத்தினான். கிட்டார், மெதுவாக, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. அப்புறம் அவள் குரல். கடவுளே, ஆபரேஷனுக்கு அப்புறம் குரலில் ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது, முன்னால் இல்லாத ஒரு கரகரப்பு, அதை ஒருத்தரும் எழுதவே இல்லையே, முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே எழுதுவதற்கு. விசில் மூணு, என்று பாடினாள். உப்பு கம்மி. பால்காரன் வந்தாச்சா. சவரிக்கு மயிர்க்கால் குத்திட்டது. கதவைச் சாத்து, கொசு. அம்மாவுக்குப் போன் பண்ணு. நீ சாப்பிட்டியா. கோர்வை இல்லாத வார்த்தைகள் என்று மூன்று நட்சத்திரக்காரன் எழுதினான். பத்தொன்பது நாள் சிலேட்டில் எழுதித் துடைத்தது எல்லாம் எழுதின வரிசையில் வந்துகொண்டிருந்தது. துடைத்தபிறகும் அவளிடம் இருந்திருக்கிறது. ஏன் பேச மாட்டேங்குற, எனக்குத்தானே வாய்ப்பூட்டு. இது பதினேழாவது நாள், இல்லை பதினெட்டு. சட்டையை ஊறப்போட்டிருக்கேன். சேத்துப்பட்டில் வண்டி நின்றதோ என்னவோ. கடைசி வரி வரப்போகிறது என்று இவனுக்குத் தெரியும், உலகத்தில் இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், இரண்டு கையாலும் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஹம், என்றாள். இன்னிக்காவது.

கம்பியிலிருந்து கை எழுந்தது. சத்தமில்லாமல் எழுவது இவனுக்குக் கேட்டது. ஊங்ங். கட்டினவனுக்குத் தெரியாதா, அதே ஒயர், வைக்காமல் விட்ட அதே பற்று. சவரி எண்ண ஆரம்பித்தான், எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். ஐந்து, பையை எடுத்தேன். எட்டு, கதவு. ஒன்பதிலிருந்து படி, ஒன்று, இரண்டு, இறங்கும்போது செருப்பு வார் நழுவியது, ஒரு இடத்தில் நின்றேன். திரும்பி ஏறலாமா என்று நின்றேனா, வாரைச் சரிபண்ண நின்றேனா? வாரைச் சரிபண்ணத்தான். முப்பது, கேட்டுக் கொக்கி. முப்பத்துநாலு, வண்டி, முதல் உதை, பிடிக்கவில்லை. முப்பத்தேழு, இரண்டாவது உதை. நாற்பது. ஹம் நின்றது. நின்றதும் காது இவனைக் கேட்காமலே வேலை செய்தது, முப்பது வருஷப் பழக்கம். சுவிட்சை அணைத்திருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வந்திருக்கும், அந்தப் பெட்டிக்கு வரும். டப் இல்லை. யாரும் அணைக்கவில்லை, யாரும் வெட்டவில்லை. கை திரும்பக் கம்பியில் இறங்கியிருக்கிறது. இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது, மேலே பாட்டு இல்லை. ஆனால் ரிப்பேர் முடித்த பெட்டியைச் சோதிக்க ஒரே பாட்டுத் தொகுப்பை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவது கடைப் பழக்கம், அதற்காகவே இவன் போன் எப்போதும் முடிந்த இடத்திலிருந்து மறுபடி முதலுக்குப் போகிற மாதிரியே இருக்கும். போனது. முதல் பாட்டு. வாசலே இல்லாத வீடு மாதிரி நட்டநடுவில் ஆரம்பிக்கிறது என்றார்களே அந்தப் பாட்டு, ஒரு இடைவெளி இல்லாமல், ஒரு மூச்சு இல்லாமல், கம்பியில் இறங்கின அதே கையிலிருந்து ஆரம்பித்தது. அடி என்றால் அடி, ராக் அடி, சந்தோஷமா கோபமா என்று பிரிக்க முடியாத அடி, எபியின் டிரம்ஸ் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. நடுவில் ஆரம்பிக்கவில்லை அது. நாற்பதாவது விநாடியில் ஆரம்பிக்கிறது. நட்சத்திரம் போட்டவர்கள் எல்லாரும் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குக் கேட்டு நிறுத்திக்கொண்டார்கள், ஒருத்தரும் சுற்றிவிட்டுக் கேட்கவில்லை.

"ஏம்பா, பூங்கா ஸ்டேஷன்ல எறங்கணும்னு சொன்னியே, போயிடுச்சே," என்று கூடைக்கார அம்மாள் முழங்காலைத் தட்டினாள். இவன் எப்போது சொன்னான்? ஏறும்போது வண்டி பூங்காவில் நிற்குமா என்று கேட்டிருப்பான். "போகட்டும்மா," என்றான். "மூஞ்செல்லாம் வேர்த்திருக்கு, தண்ணி வேணுமா?" வேண்டாம் என்று தலையாட்டினான். தெரு விளக்கு போடவில்லை, பக்கத்து வீட்டில் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை, ஒன்றரை வருஷமாகத் தூக்கித் திரிந்த அந்தச் சாயங்காலம் முழுசாக நாற்பது விநாடிதான் இருந்திருக்கிறது. மடியில் இருந்த இரும்பு மட்டும் அப்படியே கனத்தது. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நல்ல பாட்டு, நிஜமாகவே நல்ல பாட்டு. அன்றைக்கு இரண்டு உதைக்கும் வண்டி பிடிக்கவில்லை. தெருவில் வேறு சத்தம் இல்லை, ஒரு நிமிஷம் நின்று காது கொடுத்திருந்தால் மேலேயிருந்து கேட்டிருக்கும். இவன் மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கினபோதே அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.